முன் பிரேக்கை மாத்தினா பைக் சட்டுனு நிக்குமா? செலவு பண்ணும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போவது சாதாரணம். அங்கிருந்து இரும்பை, ஆரோவில் பக்கம் திரும்பியதும் சாலை குறுகிவிடும். ஓரமெல்லாம் செம்மண். மழை பெய்தால் அந்த மண் தார்ச்சாலை மேலேயே வந்து படிந்துவிடும். மாகாளேஸ்வரர் கோயிலுக்கு வருபவர்கள், ஆரோவில்லைப் பார்க்க வாடகை ஸ்கூட்டரில் வரும் சுற்றுலாப் பயணிகள், பால் கேன் கட்டிய எக்ஸ்.எல்., வேலைக்குப் போகும் பைக் என எல்லாமே அந்தச் சாலையில்தான்.

திடீரென ஒரு மாடு குறுக்கே வந்தால்? பிரேக்கை அழுத்தியும் வண்டி வழுக்கிக்கொண்டே போய், கடைசி நேரத்தில் தப்பித்தவர்கள் மறுநாள் மெக்கானிக் கடையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, முன்னாடி டிஸ்க் மாட்டிடலாமா?"

மாட்டலாமா? மாட்டினால் வண்டி உண்மையிலேயே சீக்கிரம் நிற்குமா? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முன் பிரேக் ஏன் முக்கியம்?

"முன் பிரேக்கைத் தொடாத, தூக்கி அடிச்சிடும்." பைக் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது பலர் கேட்ட முதல் அறிவுரை இது. இதில் பாதிதான் உண்மை.

ஓடும் வண்டியில் பிரேக் பிடித்தால் எடை முன்பக்கம் சாய்கிறது. பஸ்சில் டிரைவர் பிரேக் போட்டதும் நிற்பவர்கள் முன்னால் சாய்வது போலத்தான். அப்போது முன் சக்கரம் சாலையை நன்றாக அழுத்திப் பிடிக்கும். பின் சக்கரம் லேசாகிவிடும். அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் சுமார் 70 சதவீதத்தை முன் பிரேக்கே செய்கிறது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால், எடை இல்லாத பின் சக்கரம் லாக் ஆகி வழுக்கும். வண்டி நிற்காது, பின்பக்கம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போகும்.

தூக்கி அடிப்பது எப்போது? எடை முன்னால் வருவதற்குள் முன் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால், வண்டி வளைவில் சாய்ந்திருக்கும்போது இழுத்தால், மணலில் இழுத்தால். தவறு பிரேக்கில் இல்லை, பிடிக்கும் விதத்தில் இருக்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்?

60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளை சொல்லி, கை லீவரைத் தொடவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிவிடும். அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த பிரேக் போட்டாலும் இந்தத் தூரம் குறையாது.

அதன் பிறகு நடப்பதுதான் பிரேக்கின் வேலை. காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது முன் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுபவர், தன் வண்டியின் பிரேக் திறனில் பாதிக்கு மேல் பயன்படுத்தாமலே ஓட்டுகிறார்.

வேகம் கூடினால் கணக்கு இன்னும் மோசம். 80-ல் போகும்போது, இரண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடித்தாலும் சுமார் 36 மீட்டர் வேண்டும். கூடியது 20 கிலோமீட்டர் வேகம்தான், தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவை பொதுவான கணக்கு. வண்டி, டயர், ஏற்றியிருக்கும் எடை ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

டிரம், டிஸ்க்: என்ன வித்தியாசம்?

டிரம் பிரேக்கில் சக்கரத்தின் நடுவே மூடிய பாத்திரம் போன்ற ஒரு பகுதி இருக்கும். கேபிளை இழுத்தால் உள்ளே இருக்கும் இரண்டு ஷூக்கள் விரிந்து அதன் உள்சுவரை உரசும். விலை குறைவு, பராமரிப்பும் எளிது. தூசி அவ்வளவாக உள்ளே போகாது. ஆனால் உரசும்போது வரும் சூடு வெளியே போக வழியில்லை. தொடர்ந்து பிடித்தால் பிரேக் மந்தமாகும். வெள்ளத்தில் இறங்கி உள்ளே தண்ணீர் போனால், காயும் வரை சரியாகப் பிடிக்காது.

டிஸ்க் பிரேக்கில் லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் ஹோஸ் வழியாகத் தள்ளப்படும். அது கேலிபரில் உள்ள பிஸ்டனை நகர்த்த, இரண்டு பேட்களும் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும். டிஸ்க் வெளியே காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும், தண்ணீரையும் வழித்துவிடும். முக்கியமாக, விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அளவுக்குப் பிரேக் பிடிப்பதை உணர முடியும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தைத்தான். வண்டியை நிறுத்துவது டயர். டயர் தேய்ந்து மொட்டையாக இருந்தால் எந்த டிஸ்க் மாட்டினாலும் சக்கரம் லாக் ஆகும், வண்டி வழுக்கும். மழையில் நனைந்த சாலையில் டயரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். செம்மண் படிந்த ஈரச் சாலையில் இன்னும் குறைவு.

முதலில் இருக்கிற பிரேக் ஒழுங்கா இருக்கா?

"பிரேக் பத்தல" என்று வரும் பல வண்டிகளில் உண்மையான பிரச்சினை பராமரிப்புதான். புதிதாக எதையும் வாங்கும் முன் இவற்றைப் பார்க்க வேண்டும்.

டிரம் பிரேக் வண்டி என்றால்:

- லீவரின் விளையாட்டு அளவு சரியா? பல வண்டிகளில் முன் பிரேக் லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கலாம். சரியான அளவு வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும்.
- கேபிள் துருப்பிடித்து, நூல் பிரிந்து இருக்கிறதா? லீவரை விட்டதும் தானாகத் திரும்புகிறதா?
- பிரேக்கைப் பிடித்துப் பார்க்கும்போது, டிரம் மேல் உள்ள தேய்மானக் குறி எல்லையைத் தொட்டுவிட்டதா? தொட்டால் ஷூ மாற்றும் நேரம்.
- டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. நுரையீரலுக்குக் கெடுதல்.

டிஸ்க் பிரேக் வண்டி என்றால்:

- பேட் தேய்ந்துவிட்டதா? பேடில் உள்ள பள்ளம் மறைந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். "கீச்" சத்தம் இரும்பு இரும்போடு உரசும் சத்தமாக மாறும் வரை காத்திருந்தால், டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.
- டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிட மெலிந்துவிட்டதா?
- லீவரை அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம். காற்றை வெளியேற்றும் 'பிளீடிங்' செய்தால் சரியாகும்.
- பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா?

கடைசிக் கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். பிரேக் சூடாகும்போது ஆயில் கொதித்து ஆவியானால், லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும். பிரேக் பிடிக்காது.

எந்த ஆயில் என்பது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4 போன்றவை ஒரு வகை. டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 3, டாட் 4 ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும் என்பதால் டேங்க் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

குறைந்த செலவில் என்ன மேம்படுத்தலாம்?

பராமரிப்பு முடிந்தும் போதவில்லை என்றால், அடுத்து மூன்று விஷயங்கள்.

முதலாவது, டயர். நல்ல பட்டன் உள்ள, கம்பெனி சொன்ன அளவிலான டயர், சரியான காற்று. பிரேக் தூரத்தைக் குறைக்க இதைவிட நேரடியான வழி இல்லை.

இரண்டாவது, பேட். ஆர்கானிக், செமி மெட்டாலிக், சின்டர்டு எனப் பல வகை உண்டு. சின்டர்டு பேட் சூட்டிலும் மழையிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் டிஸ்க்கைச் சீக்கிரம் தேய்க்கலாம். எல்லா டிஸ்க்குக்கும் இது பொருந்தாது. அதனால் அந்த மாடலுக்கு என்று தயாரித்ததை மட்டுமே வாங்க வேண்டும். புது பேட் போட்டதும் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மெதுவாகப் பிடித்துப் பழக்க வேண்டும். பேடும் டிஸ்க்கும் முழுதாக ஒட்டி உரச அந்த அவகாசம் தேவை.

மூன்றாவது, ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக உப்பும். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் அப்படி உப்பாது. லீவர் இறுக்கமாக, துல்லியமாக இருக்கும். வண்டி நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. கையின் கட்டுப்பாடு கூடும்.

பெரிய டிஸ்க், பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால்?

பெரிய டிஸ்க் என்றால் கேலிபர் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தள்ளிப் போகும். நீளமான ஸ்பேனரில் போல்ட் சுலபமாகத் திரும்புவது போல, அதே அழுத்தத்துக்கு அதிக பலன் கிடைக்கும். 240 மி.மீ. டிஸ்க்கை 260 மி.மீ. ஆக மாற்றினால் பிரேக் விசை சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் ஃபோர்க் அந்த விசையைத் தாங்க வேண்டும். மெல்லிய ஃபோர்க் உள்ள வண்டியில் பெரிய பிரேக் போட்டால், பிடிக்கும்போது முன்பக்கம் முறுக்கிக்கொள்ளலாம்.

மாஸ்டர் சிலிண்டர் விஷயத்தில் பலர் ஏமாறுவது உண்டு. "பெருசு போட்டா பிரேக் நல்லா பிடிக்கும்" என்பது தவறு. அதே கேலிபரை வைத்துக்கொண்டு 12.7 மி.மீ. மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 14 மி.மீ. போட்டால், அதே அளவு பிரேக் பிடிக்க விரல் சுமார் 20 சதவீதம் அதிகமாக அழுத்த வேண்டும். லீவர் கெட்டியாக இருப்பதால் 'பவர் கூடிடுச்சு' என்று தோன்றும். உண்மையில் அவசரத்தில் கை வலு போதாமல் போகலாம். மாஸ்டர் சிலிண்டரும் கேலிபரும் ஜோடியாகத்தான் வடிவமைக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றுவது ஆபத்து.

டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் மாட்டலாமா?

தொழில்நுட்ப ரீதியாக முடியும். ஒரே மாடலில் டிரம் வகை, டிஸ்க் வகை இரண்டும் விற்பனைக்கு வந்திருந்தால் (உதாரணமாக ஹோண்டா ஷைன் 125) வேலை ஓரளவு எளிது. டிஸ்க் வகையின் பாகங்களே பொருந்தும்.

ஆனால் டிஸ்க்கும் கேலிபரும் மட்டும் வாங்கினால் போதாது. கேலிபர் மாட்ட இடம் உள்ள ஃபோர்க், டிஸ்க் மாட்டும் ஹப் உள்ள சக்கரம், ஆக்சில், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், ஸ்பீடோமீட்டர் இணைப்பு எல்லாம் மாற வேண்டும். செலவு பல ஆயிரம் ரூபாயைத் தொடும். செலவைக் குறைக்க வேறு மாடலின் கேலிபரை எடுத்து, கட்டிங், வெல்டிங் செய்து கிளாம்ப் மாட்டுவதுதான் பெரிய ஆபத்து. அவசரமாக பிரேக் பிடிக்கும்போது அந்த வெல்டிங் விட்டால், கேலிபர் கழன்று சக்கரத்தில் சிக்கும். அப்போது உண்மையிலேயே வண்டி தூக்கி அடிக்கும்.

இன்னொரு சிக்கல் சி.பி.எஸ். 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் 125 சிசி வரையிலான வண்டிகளில் குறைந்தபட்சம் சி.பி.எஸ். எனப்படும் இணைந்த பிரேக் கட்டாயம். பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு இது. முன் பிரேக்கைத் தொடப் பயப்படுபவர்களைக் காப்பாற்றவே இது உதவுகிறது. இரண்டு பக்கமும் டிரம் உள்ள வண்டியில் இந்த இணைப்பு கேபிள் மூலம் நடக்கும். முன் டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டினால் அந்த இணைப்பு அறுந்துபோகும். மேம்படுத்துவதாக நினைத்து, கம்பெனி கொடுத்த ஒரு பாதுகாப்பை நீங்களே கழற்றி வைத்ததாகிவிடும்.

ஏ.பி.எஸ். தனியாக மாட்டிக்கொள்ள முடியுமா?

ஏ.பி.எஸ்.ஸின் வேலை சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது. சக்கரத்தின் வேகத்தை சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். லாக் ஆகப்போகிறது என்றதும், ஒரு விநாடிக்குள் பல முறை அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். வழுக்கும் சாலையில் கீழே விழாமல் இருக்க இதுதான் பெரிய உதவி.

2011-ல் ஓசூரில் தொழிற்சாலை உள்ள டி.வி.எஸ். நிறுவனம் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 180 பைக்கில் ஏ.பி.எஸ். கொண்டுவந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே இருந்த மாடல்களுக்கும் அது கட்டாயமானது. எல்லா இருசக்கர வாகனங்களுக்கும் விரிவுபடுத்தும் வரைவு விதியை மத்திய அரசு 2025 ஜூனில் வெளியிட்டது. இவை எல்லாமே புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கானவை. பழைய வண்டியில் போய் மாட்டச் சொல்பவை அல்ல.

அப்படி மாட்டுவது நடைமுறையிலும் சரிவராது. சென்சார், கன்ட்ரோல் யூனிட், வால்வு எல்லாமே அந்த வண்டியின் எடைக்கும் டயர் அளவுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டவை. கேலிபரில் மாட்டும் சிறிய சிலிண்டரை 'ஏ.பி.எஸ்.' என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டும் இல்லாமல் ஏ.பி.எஸ். இல்லை. ஏற்கெனவே ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கரம், டயர் அளவை இஷ்டத்துக்கு மாற்றுவதும் அதன் கணக்கைக் குழப்பிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்தாலோ பாகங்களைப் பொருத்தினாலோ உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

தேய்ந்த பேட், ஷூ, ஆயில், டயர் ஆகியவற்றை அதே வகையில் புதிதாக மாற்றுவது பராமரிப்பு. அதில் பிரச்சினை இல்லை. ஆனால் டிரம்மை டிஸ்க் ஆக்குவது, ஃபோர்க்கையும் சக்கரத்தையும் மாற்றுவது என்று இறங்கினால், வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. டி.என். 16 வண்டி என்றால் திண்டிவனம், டி.என். 32 என்றால் விழுப்புரம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு "சொல்லாம மாத்திட்டீங்க" என்று இழப்பீடு சிக்கலாகலாம்.

கடையிலிருந்து வண்டியை எடுக்கும்போது

பிரேக் வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டு நேராக மெயின் ரோட்டில் ஏறக் கூடாது. இவற்றைப் பார்த்த பிறகு கிளம்புங்கள்:

- நின்ற இடத்திலேயே லீவரைப் பல முறை அழுத்துங்கள். பேட் மாற்றிய பிறகு முதல் சில அழுத்தங்களுக்குப் பிரேக் பிடிக்காமல் போகலாம்.
- முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.
- ஹோஸ் இணைப்பில் ஆயில் கசிகிறதா, ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பும்போது ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள்.
- டிஸ்க் மேல் செயின் ஸ்பிரே, கிரீஸ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- ஏ.பி.எஸ். விளக்கு வண்டி நகரத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு.
- ஆள் இல்லாத இடத்தில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்துப் பாருங்கள்.
- பாகங்களுக்குப் பில் வாங்குங்கள். டூப்ளிகேட் பேட் பார்க்க ஒரிஜினல் மாதிரியே இருக்கும்.

கடைசியாக, காசே செலவில்லாத மேம்பாடு

வண்டி நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்துங்கள். மணல், ஈரம், வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். காலியான, காய்ந்த இடத்தில் வாரம் பத்து நிமிடம் பழகினாலே முன் பிரேக் மீதான பயம் போய்விடும்.

டயர், பேட் அல்லது ஷூ, ஆயில், கை பழக்கம் ஆகிய நான்கும் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த செலவைப் பற்றி யோசிக்கலாம். பல நேரங்களில், டிஸ்க் வகை வண்டிக்கே மாறுவது பழைய வண்டியை வெட்டி ஒட்டுவதைவிடப் பாதுகாப்பான முடிவு. அதுவரை, நான்குவழிச் சாலையை விட்டு இரும்பை பக்கம் திரும்பும் முன்பே ஆக்ஸிலேட்டரைக் குறைத்துக்கொள்வதுதான் நல்லது.